எழுத விடாத ஏடு

நமது கல்லூரியின் இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, இலக்கியத்தைப் பற்றியோ, நமக்குக் கற்பித்த பெரியோரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். நானோ கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தேன். தமிழாசிரியனுக்கு இது தகுமோ என்று நகைப்போர் நகைக்கட்டும். அவ்விளையாட்டின் பொருட்டு நான் ஒரு நல்ல மாணவனை இழக்க இருந்தேன், ஆதலின் எழுதுகின்றேன்.

உன்னிச்சை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அமைந்த வேளாண்மைக் கிராமம். எங்கள் குளத்து நீரே வயல்களை விளைவிக்கின்றது. மட்டக்களப்பு நகரத்தாரின் தாகத்தையும் தீர்க்கின்றது. பொழுது சாய்ந்தால் யானைக்கு அஞ்சி எவரும் வெளியே புறப்படார். ஆகவே சனி, ஞாயிறு தினங்களில், காலை வேளையிலேயே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த ஐந்து மாணவரை என் வீட்டுக்கு அழைத்துத் தமிழ் கற்பித்து வந்தேன். பாடம் முடிந்தபின் அரைமணி நேரம் என் பழைய கணினியில் துடுப்பாட்ட விளையாட்டு ஆட அவர்களுக்கு அனுமதி உண்டு. இலக்கணத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு அந்த அரைமணி நேரமும் ஒரு காரணம் என்பதை நான் அறிவேன்.

2025 ஆம் ஆண்டு பொங்கலை அடுத்து, மின்னழுத்தம் ஏறி இறங்கியதில், படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் வரைவியல் அட்டை கருகிப்போயிற்று. திருத்த வந்தவர் அதனைக் கழற்றிவிட்டு, கணினியோடு பிறந்த சிறிய வரைவியல் ஆற்றலைக் கொண்டே அதனை இயங்கச் செய்தார். பழைய உயர்ந்த காட்சியமைப்பை அந்தச் சிறு ஆற்றல் தாங்கவில்லை. பந்து வீசுபவன் ஓடி வரும்போது திரை உறைந்து நின்றது. மாணவர் பிரிதிறனைக் குறைத்து, நிழல்களை நீக்கி, விளையாட்டை ஓடச் செய்தனர். மறுநாள் திறந்தால் பழைய உயர்ந்த அமைப்பே மீண்டும் வந்து நின்றது. மறுபடியும் குறைப்பர், மறுபடியும் அது ஏறி நிற்கும்.

முதலில் மின்வெட்டின் மேல் பழியைப் போட்டோம். விளையாட்டுகள் பல, தம்மை முறையாக மூடும்போதுதான் அமைப்புகளைக் கோப்பில் எழுதுகின்றன. இடையில் மின்சாரம் போனால் மாற்றியது மறைந்துவிடும். பெப்ருவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். “எங்கட விளையாட்டையும் அந்தக் குரங்குதான் கெடுத்தது, சேர்” என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். ஆனால் மின்சாரம் ஒழுங்காக இருந்த நாள்களிலும் அதே கதைதான்.

அடுத்த சனிக்கிழமை என் பொறுமை எல்லை கடந்தது. ஒவ்வொரு நாளும் கடைசியாகக் கணினியை மூடிச் செல்பவன் ஒரே மாணவன், வாய்க்காலுக்கு அப்பால் வசிக்கும் விவசாயியின் மகன், அதிகம் பேசாதவன். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். “வேண்டுமென்று மாற்றி வைப்பவன் நீதானே?” என்றேன். “நான் சரியாத்தான் வைச்சிட்டுப் போனன், சேர்” என்று அவன் மெல்லச் சொன்னான். “பொய் வேறா?” என்று நான் கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அவன் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பரீட்சை மார்ச் 17 ஆம் திகதி தொடங்கவிருந்தது.

அவன் போன பின்பும் குற்றம் போகவில்லை. விளையாட்டின் அமைப்புகள் முன்போலவே மீண்டு வந்தன. அப்போதுதான் என் மனம் துணுக்குற்றது. என்னிடம் முன்னர் பயின்று, இப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்கும் இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி: “சேர், அமைப்பைச் சேமிக்கும் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட திகதி என்ன?” அப்படி ஒரு கோப்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அவர் வழிகாட்ட, ஆவணங்கள் என்னும் கோப்புறைக்குள் அதனைக் கண்டேன். திகதி: 2025 ஜனவரி 12. அதாவது, அட்டை கருகுவதற்கு முன், பிள்ளைகள் உயர்ந்த அமைப்பில் கடைசியாக ஆடிய ஞாயிற்றுக்கிழமை.

கோப்புக்கு ‘வாசிப்புக்கு மட்டும்’ என்ற குறி இடப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கச் சொன்னார், இல்லை. இணையத்திலுள்ள பழைய பிரதி திரும்பி வந்து புதியதை மூடுகின்றதா என்றார், அதுவும் இல்லை. இறுதியில், பாதுகாப்பு மென்பொருளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அங்கே வரிசை வரிசையாக ஒரே செய்தி இருந்தது: அந்த விளையாட்டு கோப்புறையில் எழுத முயன்றது, தடுக்கப்பட்டது. தடுத்தவன் யான்!

பொங்கலுக்கு மறுநாள், யாரிடமோ வாங்கிய பேனைச் சேமிப்பியிலிருந்து தீய மென்பொருள் புகுந்து என் வினாத்தாள்களைப் பாழாக்கியது. அந்தக் கோபத்தில், தெரியாத மென்பொருள் எதுவும் ஆவணக் கோப்புறையில் எழுதாதவாறு ஒரு காவலை நானே இயக்கி வைத்தேன். 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அத்தகைய கேட்டினைத் தடுக்க அவ்வாண்டின் பிற்பகுதியில் விண்டோஸ் 10 இல் சேர்க்கப்பட்ட காவல் அது. நாமே இயக்கினாலன்றி இயங்காது. இயக்கிய நான் மறந்தேன், அது மறக்கவில்லை. வாசிக்க விட்டது, எழுத விடவில்லை. ஆகவே விளையாட்டு ஒவ்வொரு முறையும் ஜனவரி 12 இன் பழைய ஏட்டையே வாசித்தது. முழுத்திரையில் ஆடும்போது அறிவிப்புகள் மறைக்கப்படுவதால், தடுத்த செய்தியும் எவர் கண்ணிலும் படவில்லை.

காவலை அகற்றத் தேவையிருக்கவில்லை. அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் அந்த ஒரு விளையாட்டைச் சேர்த்தேன். அமைப்பைக் குறைத்து, முறையாக மூடி, கோப்பைப் பார்த்தேன்; அன்றைய திகதி விழுந்திருந்தது. கணினியை அணைத்து மறுபடி திறந்தேன். குறைத்த அமைப்பு அப்படியே நின்றது.

மறுநாள் வெயில் ஏறுமுன் அம்மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். “வாங்க சேர்” என்று தந்தையார் எழுந்து நின்றார். மகனை அழைத்து, அவர் முன்னிலையில், “மகன், நீ சொன்னது உண்மை, பிழை என்னுடையது” என்றேன். பையன் தலைகுனிந்து நின்றான். நடந்ததைக் கேட்ட தந்தையார் சிறிது யோசித்துவிட்டு, “மதகைப் பூட்டிப்போட்டு வயலைப் பேசின மாதிரி ஆயிற்று, சேர்” என்றார். அதில் கடுமை இல்லை. ஆனால் அதைவிடச் சரியாக எவரும் சொல்லிவிட முடியாது. அடுத்த சனிக்கிழமை பையன் வந்தான். தானே விளையாட்டைத் திறந்து, அமைப்பு நிற்கின்றதா என்று பார்த்தான். பின்பு என்னைப் பார்த்துச் சிரித்தான். பரீட்சைக்கும் சென்றான்.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் மருந்து. நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்பே வைத்தியம் செய்க என்பது அதில் வள்ளுவர் வகுத்த முறை. ஆசிரிய கலாசாலையிலும் பிழையின் காரணத்தை முதலில் ஆராய்க என்றே பயின்றேன். வகுப்பில் பலமுறை கற்பித்தும் இருக்கின்றேன். என் வீட்டு முற்றத்தில் மட்டும் அதனை மறந்துவிட்டேன்.

இன்னுமொன்று. றகர ரகரப் பிழையை ஒருவன் திரும்பத் திரும்பச் செய்தால், சிவப்பு மையால் நானே திருத்தி எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அவன் வாசிப்பான், மறுவாரம் பழைய பிழையே மீளும். இப்போது பிழையின் கீழ்க் கோடு மட்டும் இடுகின்றேன்; சரியான சொல்லைக் கண்டுபிடித்து எழுதுபவன் அவனே. வாசிக்க மட்டும் விட்டு, எழுத விடாமல் வைத்திருந்த ஏடு கணினியில் மட்டும் இருக்கவில்லை.

பழைய மாணவராகிய நம்மிற் பலர் இன்று ஆசிரியராகவும் தந்தையராகவும் இருக்கின்றோம். ஒரு பிள்ளை “நான் செய்யவில்லை” என்று சொல்லும்போது, தண்டிக்குமுன் கோப்பின் திகதியை ஒருமுறை பார்ப்போமாக.