நொச்சிக்குப்பத்துக்கு வந்த மலைநாட்டு விருந்தாளி!

நொச்சிக்குப்பம் என்றாலே மீன்தான் ஞாபகம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் கொஞ்சம் அண்ணாந்தும் பாருங்கள். அலைமேல் வட்டமிடுபவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள்.

கோடையில் இவை குஞ்சு பொரிப்பது திபெத், லடாக் ஏரிகளில். லடாக்கின் ட்சோ மோரிரி ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! குளிர் இறுகும்முன் அங்கிருந்து கடலோரங்களுக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் தலை வெளுத்துவிடும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கரும்பொட்டுதான் அடையாளம்.

அப்படியே தெற்கே போனால் சீனிவாசபுரம், அடையாறு முகத்துவாரம். நீர் வற்றும் நேரம் சேற்றுத் திட்டில் உள்ளான்கள் புழு பொறுக்கும். அந்தச் சேறுதான் அவற்றுக்குச் சோறு. நாம் வீசிய பிளாஸ்டிக்கும் அதிலேதான் கிடக்கிறது.

மார்ச் வரை நேரமிருக்கிறது. விடியற்காலையில் போங்கள், மீனுக்குக் கையோடு ஒரு கூடை எடுத்துப் போங்கள்.