எரேமியாவின் கடிதம் யாருக்கு வந்தது?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து திரும்பும்போது, டிக்கோயா பக்கத் தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களின் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். கோயில் வாசலில் வைத்த தட்டிலிருந்து பார்க்காமல் எடுத்தது. வருகிற வருஷத்துக்கு ஆண்டவர் தந்த வசனம் என்று அதைக் காம்பராச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து சேர்ந்தது எரேமியா 29:11. தம் ஜனத்தைப் பற்றிக் கடவுள் நல்லதையே நினைத்திருக்கிறார் என்கிற வசனம். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி, அந்தக் கடிதத்துக்கு ஒரு முகவரியும் காலமும் உண்டு என்பதெல்லாம், வேதத்தைக் காலவரிசையில் தினமும் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் கையிலுள்ள வேதாகமம் வகை பிரித்து அடுக்கியது. ஆகமங்கள், சரித்திரம், பாட்டுகள், தீர்க்கதரிசிகள். பிறகு சுவிசேஷங்கள், நிருபங்கள். காலவரிசையில் போகிறவர் சம்பவங்கள் நடந்த ஒழுங்கில் பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். யோபு ஆபிரகாமுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடுகிற அதிகாரத்தோடு 3ஆம் சங்கீதம். நாத்தான் வந்து முகத்துக்கு நேரே கண்டித்த அதிகாரத்தோடு 51ஆம் சங்கீதம். பவுல் கொரிந்துவில் தங்கியிருக்கும்போதே தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்களையும் படித்துவிட வேண்டும். 1984இல் லகார்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் இந்த ஒழுங்கிலேயே ஓர் ஆங்கில வேதாகமத்தைக் கட்டி வெளியிட்டார். நாங்கள் பழைய தமிழ் வேதாகமத்துக்குள் ஓர் அட்டவணைத் தாளைச் சொருகிக்கொண்டு, பெரட்டுக்கு முந்திய இருட்டில் சாயத்தண்ணியோடு உட்கார்ந்து பக்கம் தேடுகிறோம்.

"ஏன் தம்பி, சங்கீதத்த இப்பிடிப் பிச்சிப் பிச்சி வாசிக்கிறீங்க?" என்று கோயில் பெரியவர் ஒருவர் கேட்டார். பயணத்துக்கு 121, செத்த வீட்டுக்கு 90, மனசு சரியில்லாவிட்டால் 23 என்பது அவருடைய ஒழுங்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தமிழனுக்கு வேதம் வந்ததே வரிசை மாறித்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்க் முதலில் அச்சிட்டது புதிய ஏற்பாடு. 1715இல் அந்த வேலை முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் அவர் இறந்துபோக, மீதியை ஷூல்ச் முடித்தார். ஆக, ஆதாமுக்கு முன்னாலேயே இயேசு அச்சில் தமிழ் பேசிவிட்டார். மலைநாட்டில் கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதன் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள். ஓரிடத்தில் ஒரு பொழுது நின்று போகிறவரால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். ஒரு முழுக்கதையை முதலிலிருந்து கடைசி வரை வரிசை பிசகாமல் எனக்குக் காட்டியது பக்கத்து லயத்துக் காமன் கூத்து. மாசியில் கம்பம் ஊன்றினால் ரதி மன்மதன் கல்யாணம், சிவனின் தபசு, மன்மதன் எரிவது, ரதிக்கு இரங்கி அவனை எழுப்புவது என்று கிரமமாகப் போகும். நடுவில் ஒரு ராத்திரி மட்டும் வந்து பார்த்தவன் ஒப்பாரியை மட்டும் கேட்டுவிட்டுப் போவான்.

இரண்டாம் இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்தில் இரண்டாம் யெரொபெயாமுக்கு ஏழே வசனங்கள். 41 வருஷம் ஆண்டான், இழந்த எல்லைகளை மீட்டான். பரவாயில்லையே, நல்ல காலம்தான் என்று நினைத்து அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடலாம். அட்டவணை அங்கே மறித்து ஆமோஸைத் திறக்கச் சொல்கிறது. மந்தை மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கிப் பிழைத்த மனுஷன், அதே ஆட்சியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்: செருப்பு விலைக்கு விலைபோகும் ஏழைகளைப் பற்றி, அளவு குறைந்த மரக்காலைப் பற்றி, கள்ளத் தராசைப் பற்றி. ராஜாவின் கணக்கில் செழிப்பு. ஆமோஸின் கணக்கில் அந்தச் செழிப்புக்கு விலை கொடுத்தவர்கள். கொழுந்து மடுவத்தில் தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிபட்டே பழகிய எங்களுக்கு அந்தத் தராசைப் பற்றி விளக்கவுரை தேவைப்படவில்லை.

இப்போது எரேமியா. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா எருசலேமின் ராஜாவையும் பெரிய மனுஷரையும் கொல்லர் தச்சரையும் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா ஊரைக் கூட்டிச் சொன்னான். எரேமியாவோ எழுபது வருஷம் என்று சிறைபோனவர்களுக்குக் கடிதம் எழுதினார். போன இடத்தில் வீடு கட்டச் சொன்னார். தோட்டம் போட்டு அதன் பலனைத் தின்னச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கச் சொன்னார். கொண்டுபோனவனுடைய ஊருக்காகவே ஜெபிக்கவும் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகுதான் எங்கள் சுவரில் ஒட்டிய வசனம் வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகும் நாளைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. பேரப்பிள்ளைகளின் காலத்துக்கான வாக்குத்தத்தம் அது. ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் அட்டையில் அதை அச்சடிப்பது கொஞ்சம் அவசரப்பட்ட காரியம்.

லயத்தில் இருந்துகொண்டு அந்தக் கடிதத்தை வாசிக்கிறவருக்கு நெஞ்சு குறுகுறுக்கும். பிறந்த காம்பரா தனக்குச் சொந்தமில்லை, தலைமுறையாய் வளர்த்த தோட்டமும் சொந்தமில்லை. காணி ஏழு பேர்ச்சா, பத்து பேர்ச்சா என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் சந்ததி, 200 வருஷம் ஆயிற்றென்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தது. எழுபதை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம்.

எஸ்றா 6இல் ஆலயம் கட்டி முடிகிறது. 7இல் எஸ்றா புறப்பட்டு வருகிறார். இடையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் பேச்சில்லை. அட்டவணை எஸ்தரை அங்கே கொண்டுவந்து வைக்கிறது. ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்களின் கதை அது. அவர்களைக் கொன்றுபோட ஆமான் நாள் குறிக்கிறான். 1977, 1983 இனக்கலவரங்களை நினைக்காமல் அந்த அதிகாரத்தை எங்களில் யாரும் தாண்ட முடியாது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டார்கள். அட்டன் ஸ்டேஷனில் கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறிய பெரியப்பா குடும்பம், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு போட்ட டான்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக்கே போனது. எஸ்றா அவர்களுடைய புத்தகம், எஸ்தர் நம்முடையது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப போனவங்களுக்கு மட்டும் சொந்த வீடு கெடச்சிச்சா?" என்று கேட்டாள்.

இந்த வாசிப்பில் கோளாறும் உண்டு. யோபுவின் காலம் ஊகம். யோவேலை வைப்பதில் அறிஞர்களுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. அட்டவணை போட்டவரின் தீர்மானத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய ஏற்பாடு மட்டும் 929 அதிகாரம், எல்லாமாக 1189. ஒரு வருஷத்தில் முடிக்க நினைத்தால் இயேசு பிறக்க ஒக்டோபர் நடுவாகிவிடும். பெரிய வெள்ளிக்கிழமையன்று பெரும்பாலும் சவுலுக்குத் தப்பித் தாவீது ஓடிக்கொண்டிருப்பார். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும்போது வேலை முடிந்து வருகிறவருக்கு மூன்று அதிகாரம் ஏறாது. நாளைக்கு இரண்டு போதும், இருபது மாதத்தில் முடியும். ஆயுசில் ஒரு தடவை இப்படி வாசித்தால் போதும் என்பதும் என் அபிப்பிராயம். அதற்குப் பிறகு பெரியவரின் ஒழுங்குக்கே திரும்பலாம்.

காலவரிசை எங்களுக்கு வெறும் படிப்பு விஷயமாகவும் இருந்ததில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகு வந்த 1949ஆம் வருஷச் சட்டம், விவாகமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் 1946 ஜனவரி 1க்கு முன்னால் இடைவிடாமல் இந்தத் தீவில் இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தேன் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. பழைய குடும்ப வேதாகமங்களில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே பிறப்பு, விவாகம், மரணம் எழுத வெற்றுப் பக்கங்கள் விட்டிருக்கும். நான் பார்த்த வீடுகளில் அவை பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கின்றன. அட்டவணையைக் கையிலெடுப்பவர்கள் முதலில் அந்தப் பக்கத்தை நிரப்புங்கள்: அப்பாயி எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார், யார் எந்த வருஷம் கோச்சியேறினார், யாருக்கு எப்போது பிரஜாவுரிமை கிடைத்தது. வேதாகமம் இல்லாத வீட்டில் இராமாயணத்தின் பின்னட்டையிலும் எழுதலாம். விவரம் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் கேளுங்கள்.