விலைச்சீட்டு ஒட்டிய வெண்கலப் பானை

டெக்சாஸில் வாழும் என் மகன் வீடு மாறும் வேளை. அந்நாட்டு வழக்கப்படி, வேண்டாத பொருள்களைக் கார் நிறுத்துமிடத்தில் பரப்பி, விலைச்சீட்டு ஒட்டி, சனிக்கிழமை காலை ‘கராஜ் சேல்’ வைத்தார்கள். மிதிவண்டி, தொட்டில் இவற்றினிடையே என் மாமியார் பொங்கலிட்ட வெண்கலப் பானை! விலை 5 டாலர். நெஞ்சம் துணுக்குற்றது.

“எட்டு ஆண்டுகளாகப் பெட்டியிலேயே இருக்கிறது, அத்தை. இந்த மின்சார அடுப்பில் அது நிற்காது” என்றாள் மருமகள் தயக்கத்துடன். மறுமொழி கூற இயலவில்லை.

நண்பகலில், அவ்வூர்க் கோயில் மடைப்பள்ளியில் தொண்டு புரியும் பெரியவர் ஒருவர் பானையைத் தட்டிப் பார்த்தார். “தைப்பொங்கலன்று சுவாமி நைவேத்தியத்துக்கு ஆகும்” என்று பணத்தை நீட்டினார்.

“உண்டியலில் சேர்த்துவிடுங்கள்” என்றேன். சீட்டை உரித்துப் புளியிட்டுத் துலக்கினேன். வெறும் பாத்திரம் தரலாகாதென்று ஒரு பிடி பச்சரிசியும் இட்டுக் கொடுத்தேன்.

பதஞ்சலி முனிவர் உரைத்த இயமங்கள் ஐந்தனுள் அபரிக்கிரகமும் ஒன்று. தேவைக்கு மேல் பற்றிக்கொள்ளாமை. பானையை மறந்திருந்தவர்கள் பிள்ளைகள் என்று எண்ணினேன். பயனின்றி அதனைப் பூட்டிவைக்க விரும்பியவள் நானன்றோ?