மாவு ஆலையும் மோக்ஷமூலரும்

நம்மவரில் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம். அவரோ தம் தகப்பனாரின் எழுத்தை வைத்திருப்பார். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிவிடுகிறது. ஆகையால், நூற்றுக்கணக்கான வருஷங்களாக ஒரே பெயரைச் சுமந்து வரும் ஜெர்மானியக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும். அப்பெயர்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ‘முல்லர்’ என்பதுதான்.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர் என்று பொருள். வேறு ரகசியம் ஒன்றுமில்லை. நீர்ச்சக்கரத்தால் ஓடும் ஆலையையும், அதற்குரிய ‘மோலினா’ என்ற லத்தீன் சொல்லையும் ஜெர்மானியர் ரோமானியரிடமிருந்து பெற்றார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அங்கே பட்டணங்கள் பெருகின. ஒரே தெருவில் நாலு ஜோஹான்கள் இருந்தால் கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? இரும்படிப்பவனை ‘ஷ்மிட்’ என்றும், மாவரைப்பவனை ‘முல்லர்’ என்றும் எழுதிக்கொண்டார். நாளடைவில், ஆலையையே கண்ணால் பாராத பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கே அது ‘மோல்லர்’ ஆயிற்று. படித்த பண்டிதர் சிலர் ‘மோலிட்டர்’ என்று லத்தீனில் மாற்றிக்கொண்டு பெருமைப்பட்டார்கள்.

ஓடை ஓடிய இடமெல்லாம் ஆலை இருந்தது. பல ஊர்களில், பிரபுவின் ஆலையிலேதான் குடியானவர்கள் தானியம் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் வேறு. ஆலைக்காரர் அளவில் கை வைக்கிறார் என்ற சந்தேகம் ஜனங்களுக்கு எப்போதும் இருந்தது. இப்படி ஊருக்கு ஊர் இருந்த பெயர், இன்று ஜெர்மனியில் மிக அதிகமான பேருக்கு உள்ள குடும்பப் பெயராக விளங்குகிறது.

டெஸ்ஸௌ நகரத்தில் ஒரு முல்லர் இருந்தார், தொழிலோ தையல்! அவருடைய மகன் வில்ஹெல்ம் கவிஞரானார். 1816-இல் பெர்லின் நகரத்து வீடொன்றில் இளைஞர்கள் கூடி, ஆலைக்காரர் மகளைப் பற்றி ஒரு பாட்டு நாடகம் ஆடத் தொடங்கினார்கள். பெயர் பொருத்தத்தைக் கண்டு, ஆலைக்கார வாலிபன் வேஷத்தை வில்ஹெல்முக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த விளையாட்டிலிருந்து பிறந்த கவிதைகளுக்கு 1823-இல் ஷூபர்ட் இசை அமைத்தார். அவை உலகப் பிரசித்தி பெற்றன.

அதே 1823-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வில்ஹெல்முக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு வயது நிறையுமுன், முப்பத்திரண்டாவது வயதில் கவிஞர் காலமானார். மகனுக்கு அவர் வைத்துப்போன பெரிய ஆஸ்தி அவருடைய பெயர்தான்.

அந்த மகனே மாக்ஸ் முல்லர். வெறும் முல்லர் என்றால் எத்தனையோ பேரில் ஒருவராகிவிடுவோம் என்று கருதி, ‘மாக்ஸ்’ என்ற தம் சொந்தப் பெயரையும் குடும்பப் பெயருடன் சேர்த்துக்கொண்டார். ஆனால் தகப்பனாரின் பெயரைத் தள்ளிவிடவில்லை. 1849 முதல் 1874 வரை ஆறு பாகங்களாக அவர் ரிக் வேதத்தைப் பதிப்பித்தபோது, அதே பெயர் சம்ஸ்கிருத உடை தரித்துக்கொண்டது. ஜெர்மனி ‘சர்மண்ய தேசம்’ ஆயிற்று. ஆக்ஸ்போர்டு ‘கோதீர்த்தம்’ ஆயிற்று. மாவு ஆலைக்காரர் ‘மோக்ஷமூலர்’ ஆனார்!

பாரத நாட்டில் அவர் ஒரு நாளும் அடி வைத்ததில்லை. ஆயினும், 1897-இல் லோகமான்ய திலகரை ஆங்கில அரசாங்கம் சிறையிலிட்டபோது, அவருடைய விடுதலைக்காக மன்றாடியவர்களில் மாக்ஸ் முல்லரும் ஒருவர். இன்று சென்னையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் நிலையத்திற்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், மேதையான மகனோடு கூட, அற்பாயுளில் மறைந்த தகப்பனாரும், டெஸ்ஸௌ நகரத்துத் தையற்காரரும், அவர்களுக்கு முன்னே ஏதோ ஓர் ஓடைக் கரையில் மாவு படிந்த கையோடு நின்ற பெயரறியாத மூதாதையும் என் நினைவுக்கு வருகிறார்கள்.