சிச்சுவானில் ஆறு கிழமைகள்

பட்டம் என்பது வெறும் காகிதம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் காகிதத்துக்காக எமது கிராமங்களில் எத்தனை தாய்மார் தோட்டையும் காப்பையும் அடகு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் 2016ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பட்டமளிப்பு அன்று அம்மம்மா என் அங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இனி எங்களுக்கா, திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டா. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். "அப்ப படிச்சதை மட்டுந்தான் வெச்சிருக்கலாம் போல" என்றா. பாடசாலைக்கே போகாத அம்மம்மா சொன்னது இது.

படித்ததில் எதை வைத்திருக்கிறேன் என்று இன்று எண்ணிப் பார்த்தால், விரிவுரை மண்டபங்களைவிட அதிகமாக நினைவுக்கு வருவது 2014ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சீனாவில் ஆங்கிலம் படிப்பித்த ஆறு கிழமைகள்தான். அது என் பட்டச் சான்றிதழில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் இன்று கிராமங்களில் பெண்களோடு வேலை செய்யும்போது எனக்கு அதிகம் உதவுவது அந்தப் படிப்பே.

எங்கள் வீட்டுக் கதை உங்களில் பலருடைய கதைதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தோம். அப்பா எங்களோடு வந்து சேரவில்லை. 2008இல் அம்மா குவைத்துக்குப் போனா. எனக்குப் பதினேழு வயது, தம்பிக்கு எட்டு. இரண்டு வருடமும் மூன்று மாதமும் அம்மம்மாதான் எங்களைப் பார்த்தா.

பல்கலைக்கழகத்தில் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் அறிவித்தலைக் கண்டு விண்ணப்பித்தேன். உணவும் தங்குமிடமும் தருவார்கள். விமானச் சீட்டு எமது செலவு. செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "பொம்புளப் புள்ளயத் தனிய சீனாவுக்கு அனுப்புறியாமே?" என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. குவைத் காசில் வாங்கிய சங்கிலியை அடகு வைத்துவிட்டு என்னிடம் சொன்னா: "போயிட்டு வா மகள். நான் கடல் கடந்து போகக்குள்ள வேலைக்காரியாப் போனன். நீ டீச்சராப் போறாய்."

நான் போய்ச் சேர்ந்தது சிச்சுவான் மாகாணத்தில் மியன்ஜு என்ற நகரத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். நெல்வயலும் சோளமும், தூரத்தில் முகில் மூடிய மலைகளும் தெரியும். சோறும் உறைப்பும் உண்ணும் மக்கள் என்பதால் எனக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கவில்லை. மிளகாயோடு 'ஹுவாஜியாவ்' என்று மிளகு போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அதைக் கடித்தால் நாக்கு விறைத்துப் போகும். வீட்டுக்கு வீடு சாடிகளில் மரக்கறி ஊறுகாய் இருக்கும். வெயிலிலும் சுடுதண்ணீர்தான் குடிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் எல்லோரும் மேசையில் தலையை வைத்து நித்திரை கொள்வார்கள். அந்த நேரத்தில் பாடசாலை முழுவதும் வண்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

என் வகுப்பில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியரை 'லாவ்ஷி' என்று அழைப்பார்கள். முதல் நாள் என் தலைமயிரின் சுருளைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். எனக்குச் சீன மொழி தெரியாது. அவர்கள் தமக்குள் பேசியது சிச்சுவான் வட்டார வழக்கு. ஆங்கிலம் எங்கள் இரு பக்கத்தாருக்கும் இரவல் மொழி. அதனால் ஒருவருக்கொருவர் வெட்கப்படத் தேவை இருக்கவில்லை. செங்டுவில் படிக்கும் ஒரு மாணவி என்னோடு துணை ஆசிரியையாக இருந்தாள். எனக்கு நாவும் செவியும் அவள்தான்.

இரண்டாம் கிழமையில் 'எங்கே' என்று கேட்கும் கேள்விகள் பாடமாக வந்தன. புத்தகம் எங்கே, பேனை எங்கே என்று தொடங்கி, அம்மா எங்கே என்ற கேள்விக்கு வந்தோம். வீட்டில், வயலில், கடையில் என்ற சொற்களை நான் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் சொன்ன பதில்கள் வேறு. டொங்குவான். ஷென்ஷென். குவாங்ஜோ. மீண்டும் டொங்குவான். இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேர் நகரங்களின் பெயரைச் சொன்னார்கள். எல்லாம் தெற்கே குவாங்டொங் மாகாணத்தில், ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள தொழிற்சாலை நகரங்கள்.

'பின்னால் விடப்பட்ட பிள்ளைகள்' என்று அவர்களுக்குச் சீனாவில் ஒரு பெயரே உண்டு. அகில சீன மகளிர் சம்மேளனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில், கிராமங்களில் இப்படி 6 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. இது தாய் அல்லது தந்தை ஒருவராவது வெளியில் இருக்கும் பிள்ளைகளின் தொகை. 2016இல் அரசாங்கம், பெற்றோர் இருவரையும் பிரிந்த பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் எண்ணியபோதும் 90 இலட்சம் பேர் இருந்தார்கள். பெற்றோர் ஏன் பிள்ளைகளையும் கூட்டிப் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். அங்கே 1958ஆம் ஆண்டிலிருந்து 'ஹுகொவ்' என்ற குடும்பப் பதிவு முறை இருக்கிறது. கிராமத்தில் பதியப்பட்ட பிள்ளைக்கு நகரத்து அரச பாடசாலையில் இடம் கிடைப்பது கடினம். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையையும் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்திலேயே எழுத வேண்டும். காலப்போக்கில் சில தளர்வுகள் வந்தாலும் அந்த முறை நீங்கவில்லை. ஆகவே தாயும் தகப்பனும் தொழிற்சாலைக்குப் போக, பிள்ளை பாட்டியிடம் இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் பெற்றோர் வருவார்கள்.

அன்று துணை ஆசிரியை மூலம் பிள்ளைகளிடம் சொன்னேன்: "எனக்குப் பதினேழு வயதில் என் அம்மாவும் தூரத்தில்தான் இருந்தா. கடலுக்கு அப்பால், குவைத்தில்." வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு பையன் கையை உயர்த்தினான். "உங்கள் அம்மா திரும்பி வந்தாவா?" வந்தா என்றேன். "எத்தனை நாள் கழித்து?" இரண்டு வருடமும் மூன்று மாதமும் என்றேன். அவன் விரலில் ஏதோ எண்ணிவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த அன்பை எப்படிச் சொல்வது! தினமும் என் மேசையில் ஒரு பீச் பழமோ அவித்த சோளமோ இருக்கும்.

வகுப்பில் பதியாத ஒரு சின்னப் பெண்ணும் வந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது. பெரிய பிள்ளைகளோடு தொற்றிக்கொண்டு வந்து கடைசி வாங்கில் இருந்து படம் கீறுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளது பாட்டி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். புதிய கல்வீடு. முற்றத்தில் சோளமும் மிளகாயும் காய்ந்தன. சுவரில் ஒரு பையனின் படம் இருந்தது.

2008 மே 12ஆம் திகதி பிற்பகல் 2.28க்கு சிச்சுவானில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய 69,000 பேர் இறந்தார்கள், 18,000 பேர் காணாமற் போனார்கள். பாடசாலை நேரம் என்பதால் பல பாடசாலைக் கட்டடங்கள் பிள்ளைகளின்மேல் இடிந்து வீழ்ந்தன. இறந்த, காணாமற் போன மாணவர்களின் தொகை 5,335 என்று மறு ஆண்டு அரச தரப்பில் அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கட்டடங்கள் நிற்கப் பாடசாலை மட்டும் ஏன் விழுந்தது என்று பல பெற்றோர் கேட்டார்கள். அப்படிக் கேட்ட பலர் தொல்லைகளுக்கு ஆளானார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் தாய்மார் எம் நாட்டில் மட்டும் இல்லை.

படத்தில் இருந்தவன் அந்தப் பாட்டியின் பேரன். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்ற சட்டம் நடைமுறையில் இருந்தது. (2016 முதல் இரண்டு, 2021 முதல் மூன்று என்று அது மாறியது.) ஆகவே பல வீடுகளில் இறந்தது இருந்த ஒரே பிள்ளை. அப்படி இழந்தவர்கள் இன்னொரு பிள்ளை பெற அனுமதிக்கப்பட்டார்கள். 2009இல் இந்தச் சின்னவள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானதும் தாய் டொங்குவானுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அழிந்த ஒவ்வொரு பகுதியையும் வசதியான ஒரு மாகாணம் பொறுப்பெடுத்துக் கட்டிக் கொடுத்தது. மியன்ஜுவை ஜியாங்சு மாகாணம் கட்டியது. வீதி, வைத்தியசாலை, பாடசாலை எல்லாம் மூன்றாண்டுக்குள் எழும்பின. எமக்கும் சுனாமி வீடுகள், மீள்குடியேற்ற வீடுகள் வந்தனவே, அதை நினைத்துக்கொண்டேன். வீடு நல்லதுதான் என்று பாட்டியிடம் சொன்னேன். "வீடு நல்லது. ஆட்கள் குறைவு" என்றார்.

நான் வாகரையையும் கடலையும் அப்பாவையும் பற்றிச் சொன்னேன். பாட்டி எழுந்து போய் ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தார். சின்னவளைக் காட்டி, அண்ணாவின் இடத்துக்கு வந்தவளா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது பாட்டி சொன்ன பதிலைத் துணை ஆசிரியை எனக்கு மொழிபெயர்த்தாள்: "அவனுடைய இடத்துக்கு ஒருவரும் வரமுடியாது. இவள் தன்னுடைய இடத்தில் இருக்கிறாள்." இழப்பைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை. பிள்ளையை இழந்த பிறகு பிறந்த பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரோடு பேசும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். போன பிள்ளையின் பாரத்தை இருக்கின்ற பிள்ளையின் தலையில் வைக்காமல், இரண்டு பேருக்கும் தனித்தனி இடம் வைத்திருந்தார் அந்தக் கிழவி.

பின்னேரங்களில் துணை ஆசிரியை எனக்குச் சில சீன எழுத்துக்கள் பழக்கினாள். 'பெண்' என்ற எழுத்தின் பக்கத்தில் 'பிள்ளை' என்ற எழுத்தை வைத்தால் 'ஹாவ்', அதாவது நல்லது. ஒரு கூரையின் கீழ் 'பெண்' என்று எழுதினால் 'ஆன்', அதாவது அமைதி. வடிவான எழுத்துக்கள்தான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கூரைக்குக் காசு தேடத்தான் பெண் பிள்ளையை விட்டுப் போகிறாள்." குடும்பத்தைத் தனியே தாங்கும் எம் பெண்களுக்கும் இது பொருந்தும். கூரையையும் அவள்தான் போடவேண்டும், அதன் கீழும் அவள்தான் இருக்கவேண்டும் என்றால் எப்படி? வெளிநாடு போன தாயை, பிள்ளைகளை விட்டுப் போனவள் என்று ஊர் பேசும்போது நான் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு.

ஊர் திரும்பி, பட்டம் முடித்து, இந்த வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் சங்கிலியை முதல் வருடச் சம்பளத்திலேயே மீட்டுக் கொடுத்தேன். மத்திய கிழக்குக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளையும், அவர்களைப் பார்க்கும் அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மாமாரையும் வைத்து மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறேன். அதில் முதலில் பேசுவது முதியவர்கள். அவர்களுடைய முழங்கால் வலி, நித்திரையின்மை, பயம் எல்லாவற்றையும் கேட்டபிறகுதான் பிள்ளைகளின் விடயம். பாட்டி நன்றாக இருந்தால் பிள்ளையும் நன்றாக இருக்கும் என்பதை மியன்ஜுவில் கண்டுவந்தேன்.

வெளிநாடு போக எண்ணியிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். போகப் போவதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நித்திரையில் விட்டுவிட்டுப் போகவேண்டாம். எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும். எண்ணுவதற்கு ஒரு கணக்கு இருந்தால் தாங்கிக்கொள்வார்கள். தொலைபேசியில் கதைப்பதற்கு ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, முடிந்தவரை அதைத் தவறவிடாதீர்கள். காசு வந்ததா என்று கேட்பதற்கு முன் இன்று என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். வகுப்பாசிரியருக்கும் விடயம் தெரிந்திருக்கட்டும். பிள்ளையைப் பொறுப்பேற்பவரிடம், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஊரில் இருக்கும் நாமும் ஒன்று செய்யலாம். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளையைக் கண்டால் "பாவம்" என்று சொல்லாமல், பெயர் சொல்லி அழைத்து, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பரிதாபம் பிடிப்பதில்லை. எனக்கும் பிடித்ததில்லை.

துணை ஆசிரியையோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. கடைசி வாங்கில் இருந்து படம் கீறிய சின்னவளின் தாய் சில வருடங்களுக்கு முன் ஊர் திரும்பி, மியன்ஜுவில் சின்ன நூடில்ஸ் கடை ஒன்று போட்டிருப்பதாக எழுதியிருந்தாள். பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்து கிண்ணம் கழுவுவாளாம், தாயோடு சண்டையும் பிடிப்பாளாம். அந்தச் சண்டையைப் பற்றி வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று பிள்ளையை விட்டுப் போய் வந்த தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.