என் மெஷின்ல ஓடுதே!

பொட்டி தட்டற மக்களுக்கு இந்தத் தலைப்பு தேசிய கீதம் மாதிரி. டெவலப்பர் இப்படிச் சொல்வார். சர்வரைப் பார்த்துக்கற ஆபரேஷன்ஸ்காரர், "சர்வர் நல்லாத்தான் இருக்கு, உங்க ப்ரோகிராம்தான் சரியில்லை"ன்னு டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவார். நடுவுல மாட்டின கஸ்டமர், அவ்வ்வ்...

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்கறவங்களுக்கு நைட் கேபிடல் கதை. அமெரிக்கப் பங்குச்சந்தையில கம்ப்யூட்டரை வெச்சு வர்த்தகம் பண்ணின பெரிய கம்பெனி. 2012 ஆகஸ்ட் 1 அன்னிக்கு நியூயார்க் பங்குச்சந்தையில ஒரு புதுத் திட்டம் ஆரம்பம். அதுக்கான புது ப்ரோகிராமை எட்டு சர்வர்ல ஏத்தணும். ஏத்தினவர் ஒரு சர்வரை விட்டுட்டார். இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு அங்கே விதியும் இல்லை.

ஆபரேஷன்ஸ் தப்புதானேன்னு தோணுதா? இருங்க. புது ப்ரோகிராமை எழுதினவங்க அதை இயக்க ஒரு பழைய ஃப்ளாகையே எடுத்துக்கிட்டாங்க. அது 'பவர் பெக்'ங்கற பழைய ப்ரோகிராமோட ஃப்ளாக். 2003லயே அதைப் பயன்படுத்தறதை நிறுத்தியாச்சு, ஆனா யாரும் அழிக்கலை. போதாக்குறைக்கு, ஆர்டர் நிறைஞ்சதும் 'போதும் நிறுத்து'ன்னு சொல்ற கணக்கை 2005ல வேற இடத்துக்கு நகர்த்திட்டாங்க. விட்டுப்போன அந்த ஒரு சர்வர்ல தூங்கிட்டிருந்த பூதம் முழிச்சுக்கிச்சு. நிறுத்தாம ஆர்டர் போட்டுத் தள்ளுது.

எனக்கு வயித்தைக் கலக்கறது இதுக்கப்புறம்தான். சரிபண்றோம்னு, ஒழுங்கா ஓடிட்டிருந்த ஏழு சர்வர்லேர்ந்து புது ப்ரோகிராமை எடுத்தாங்க. இப்ப எட்டுலயும் பூதம்! சுமார் 45 நிமிஷத்துல 40 லட்சத்துக்கும் மேல வர்த்தகம், 46 கோடி டாலருக்கும் மேல நஷ்டம். அடுத்த வருஷமே கெட்கோங்கற கம்பெனியோட இணைஞ்சாச்சு.

இன்னொண்ணு. சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டம் தானா 97 மெயில் அனுப்பியிருக்கு, 'பவர் பெக்' பேரைச் சொல்லியே. யாரும் கண்டுக்கலை. சரி, பார்த்திருந்தாலும் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஓய்ஞ்சுபோன ப்ரோகிராமோட பேர் சர்வர் பார்த்துக்கறவருக்கு என்ன புரியும்? அந்த ஃப்ளாகோட கதை தெரிஞ்ச ஒரு டெவலப்பர் பக்கத்து நாற்காலியில இருந்திருந்தா, ஏழு சர்வர்லயும் கை வைக்கறதுக்கு முன்னாடி "அய்யய்யோ வேணாம்"னு கத்தியிருப்பார்.

இப்படி உட்கார முடியுமான்னு கேட்டா, ஃப்ளிக்கர்காரங்க ஏற்கெனவே செஞ்சு காட்டினதுதான். 2009ல அவங்க ஆபரேஷன்ஸ் தலை ஜான் ஆல்ஸ்பாவும் டெவலப்பர் தலை பால் ஹாமண்டும் ஒரே மேடையில ஏறி, நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல தளத்துல மாற்றம் ஏத்தறோம்னு சொன்னாங்க. ரெண்டு கோஷ்டியும் ஒரே அரட்டை அறையில இருந்துக்கிட்டு, சின்னச் சின்னதா ஏத்தறது. எது உடைஞ்சாலும் கடைசியா என்ன மாறிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

எங்க ஆபீஸ்ல நாங்க மூணாவது மாடி, ஆபரேஷன்ஸ் தரைத்தளம், நடுவுல டிக்கெட். சனிக்கிழமை ராத்திரி ரிலீஸுக்கு நானும் கீழ போய் உட்கார்றேன்னு டேமேஜர்கிட்ட கேட்டேன். "அது உன் ஆணி இல்லையேப்பா"ன்னார். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்கணும் :-)