சூரியனை எந்த ஃபைலில் வைப்பது?

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்காற்று எட்டும் தூரத்தில், ஒரு கடையின் மாடியில் இருக்கிறது அந்த அனிமேஷன் கூடம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கல்யாண அழைப்பு வீடியோவும் மனை விற்பவர்களுக்கான 3டி படமும்தான் சோறு போடுகின்றன. நான் போனபோது, ஆசைக்காக எடுத்துக்கொண்ட வேலை ஒன்று ரெண்டரில், அதாவது 3டி காட்சியைக் கணினி படமாக மாற்றும் கட்டத்தில், ஓடிக்கொண்டிருந்தது: மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பற்றிய ஒன்றரை நிமிடப் படம்.

நொடிக்கு 24 வீதம் 2160 ஃப்ரேம். ஒவ்வொன்றும் தனிப் படமாக டிஸ்கில் விழுந்துகொண்டிருந்தது. நேரே வீடியோவாகவே எடுத்துவிட்டால் வேலை மிச்சம்தானே என்று கேட்டேன். லைட்டிங் பார்க்கும் பெண் சிரித்தார். "மாண்டஸ் வந்த ராத்திரி மட்டும் வீடியோவா போட்டிருந்தா உக்காந்து அழுதிருப்போம் சார்."

2022 டிசம்பர் 9 இரவு அந்தப் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. வேறொரு வேலையின் ரெண்டர் பாதியில் கரண்ட் போனது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. எம்பி4 ஃபைல் பொதுவாகத் தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் அறுந்தால், அதுவரை எடுத்ததும் திறக்காது. இவர்களோ பாதி வெந்த ஒரு ஃப்ரேமை மட்டும் அழித்துவிட்டு, கரண்ட் வந்ததும் அந்த எண்ணிலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள்.

தனிப் படம் சரி, எந்த ஃபார்மட்? அங்கேதான் இந்தத் தொழிலில் சண்டையே. காம்ப் (ரெண்டரான படங்களைச் சேர்த்துத் திருத்தும் வேலை) பார்க்கும் பையன் ஒரே ஃப்ரேமை 8 பிட் பிஎன்ஜியிலும் இஎக்ஸ்ஆரிலும் திறந்து காட்டினார். கோயிலுக்கு மேற்கே கேமரா. விமானத்துக்குப் பின்னால் கடலிலிருந்து சூரியன் எழுகிறது. இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் இறக்கினார். பிஎன்ஜியில் சூரியனும் அதைச் சுற்றிய வானமும் ஒரே சாம்பல் வட்டமாகச் செத்துப்போயின. இஎக்ஸ்ஆரில் சூரியன் சுருங்கிக் கூர்மையானது. வெளிச்சத்தில் மூழ்கியிருந்த விமானத்தின் விளிம்பு வெளியே வந்தது.

8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். வெள்ளைக்கு மேலே உள்ள வெளிச்சம் அத்தனையும் வெட்டப்பட்டுவிடும். 16 பிட் பிஎன்ஜியில் படிகள் நெருக்கமாவதால் வானத்தில் பட்டை பட்டையாக விழும் கோடுகள் மறையும். ஆனால் அதற்கும் கூரை அதே வெள்ளைதான். இஎக்ஸ்ஆரின் 16 பிட் மிதவை எண்ணோ 65504 வரை போகும். ஹாலிவுட்டின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் தன் சொந்த உபயோகத்துக்கு உருவாக்கி, 2003-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஃபார்மட் இது. சென்னையில் பென்டாமீடியா 2000-இல் 'பாண்டவாஸ்' முழுநீள 3டி படத்தை எடுத்தபோது இது வெளியாருக்குக் கிடைக்கவில்லை.

இஎக்ஸ்ஆர் என்று போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. கடலில் தூரம் போகப் போக மூட்டம் கூட வேண்டும். அதற்கு, ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு என்று சொல்லும் டெப்த் பாஸ் தேவை. 16 பிட் மிதவை எண்ணில் 2048-க்கு அடுத்து 2050தான். 2049 என்ற எண்ணையே எழுத முடியாது. இதனால் அலைமேல் மூட்டம் படிக்கட்டு படிக்கட்டாக நின்றிருக்கிறது. டெப்த்தை மட்டும் 32 பிட்டுக்கு மாற்றிய பிறகே சரியாயிற்று.

இடம் பெரிய தலைவலி. முழு எச்டியில் நாலு சேனலைச் சுருக்காமல் வைத்தால் ஃப்ரேமுக்கு 16 மெகாபைட்டுக்கு மேல். மொத்தம் கிட்டத்தட்ட 36 ஜிகாபைட். நிழல், பிரதிபலிப்பு என்று பாஸ் கூடக் கூட அதுவும் கூடும். ஹார்ட் டிஸ்க் விலையைச் சொல்லி முதலாளி முனகுகிறார். ஜிப் முறையில் சுருக்கினால் எதுவும் இழப்பில்லை. டிரீம்வொர்க்ஸ் தந்த டிடபிள்யூஏ இன்னும் சிறிதாக்கும், கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் தின்றும்விடும். முதன்மைப் படத்துக்கு அது பரவாயில்லை. டெப்த்துக்கு ஆகவே ஆகாது. என்னைக் கேட்டால், மறுபடி ரெண்டர் போடும் கரண்ட் பில்லைவிட டிஸ்க் மலிவு.

இவர்களுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித் தருபவர் மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர். ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் அவருடைய பட்டறை. காம்ப் பையனும் நானும் போனோம். கல்தூசி படிந்த செல்போனில், முன்பே அனுப்பியிருந்த வாட்ஸ்அப் கிளிப்பைக் காட்டிக் கடிந்துகொண்டார். "கல்லு மெழுகாட்டம் இருக்குதே தம்பி. உளி கொத்தின கொத்து எங்க?" கொத்து ரெண்டரில் இருந்தது, வாட்ஸ்அப் வழித்தெடுத்துவிட்டது. லேப்டாப்பில் மூல ஃப்ரேமைப் பெரிதாக்கிக் காட்டியதும் கிட்டே வந்து பார்த்தார். "கொத்து இருக்கு. ஆனா கடல் பக்கம் உப்புக்காத்து இன்னும் அரிச்சிருக்கணும்." அந்தத் திருத்தத்தை வாட்ஸ்அப் கிளிப்பைப் பார்த்து அவரால் சொல்லியிருக்க முடியாது.

கல்லூரி புராஜெக்ட்டுக்காக அனிமேஷன் செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளெண்டர் இலவசம், இஎக்ஸ்ஆரும் அதிலேயே இருக்கிறது. ரெண்டர் பொத்தானை அழுத்துமுன் அவுட்புட்டில் வீடியோ இருந்தால் மாற்றி இஎக்ஸ்ஆரை வையுங்கள். பின்னால் ஒரு திருத்தமும் செய்யப்போவதில்லை என்றால் பிஎன்ஜியே போதும். வீடியோவைக் கடைசியில் அந்தப் படங்களிலிருந்து சில நிமிடத்தில் செய்துகொள்ளலாம்.